ஒரு ஊருக்கு மூன்று நாவல்கள்

போன கிழமை நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளையளுக்கு லீவு. போலந்தில கிடான்ஸ்க் எண்ட ஊருக்குப் போறம். போகமுன்னம் வாசிக்க ஒரு நாவல் சொல்லும்" என்றார். நான் மூன்று சொன்னேன். "அஞ்சு நாள் பயணத்துக்கு மூண்டு நாவலோ?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஏன் மூன்று என்று சொல்லக் கிடைக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊரின் கதை. கிடான்ஸ்க்கின் ஜேர்மன் பெயர் டான்சிக். முதலாம் உலகப் போருக்குப் பிறகு, 1920இல், ஜேர்மனிக்கும் கொடுக்காமல் போலந்துக்கும் கொடுக்காமல் அதைச் 'சுதந்திர நகரம்' ஆக்கினார்கள். அங்கு வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஜேர்மன் மொழி பேசியவர்கள். 1939 செப்ரெம்பர் 1ஆம் திகதி விடியற்காலையில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. அன்று நகரின் போலந்துத் தபாற்கந்தோரைத் தாக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 14 மணித்தியாலம் எதிர்த்து நின்றுவிட்டுச் சரணடைந்தார்கள். அவர்களில் 38 பேரை ஒக்ரோபர் 5ஆம் திகதி சுட்டுக் கொன்றார்கள்.

1945 மார்ச் கடைசியில் செம்படை உள்ளே வந்தபோது நகரின் நடுப்பகுதி சாம்பல் மேடு. ஏற்கனவே ஓடிப்போகாத ஜேர்மன்காரரில் பெரும்பாலானோரைப் பிறகு வெளியேற்றினார்கள். அந்த வீடுகளுக்குப் போலந்துக்காரர் வந்தார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினர் வில்னியூஸ், லிவிவ் பக்கம் சோவியத்திடம் தங்கள் ஊர்களை இழந்தவர்கள். அதாவது, அகதி விட்டுப்போன வீட்டுக்குள் இன்னொரு அகதி.

இன்றைக்கு நீங்கள் பார்க்கும் அழகான பழைய வீதிகள் எல்லாம் போருக்குப் பிறகு திரும்பக் கட்டியவை. சுற்றுலாப் புத்தகம் இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு எங்கே சாப்பிடலாம் என்று போய்விடும். அதனால்தான் நாவல் வாசிக்கச் சொல்கிறேன்.

முதலாவது, குந்தர் கிராஸ் 1959இல் எழுதிய 'தகர மேளம்'. மூன்று வயதில் வளர்வதை நிறுத்திக்கொண்ட ஒஸ்கார் என்ற பையனின் கதை. கிராஸ் 1927இல் டான்சிக்கில் பிறந்தவர், ஊரை இழந்தவர். சின்னக் கடைக்காரரும் அயலவரும் எப்படி மெல்ல மெல்ல நாசிகள் ஆனார்கள் என்பதை உள்ளே இருந்து சொல்கிறார். அந்தத் தபாற்கந்தோர்ச் சண்டையும் நாவலில் வருகிறது. கிராஸின் தாயின் உறவினர் ஒருவரே அங்கே பிடிபட்டுச் சுடப்பட்டவர். ஆனால் கிராஸையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். தான் பதினேழு வயதில் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்ததை 2006இல்தான் வெளியில் சொன்னார். ஊரை இழந்தவன் சொல்வதெல்லாம் முழு உண்மை என்று இல்லை.

இரண்டாவது, ஸ்ரெஃபான் க்வின் 1995இல் போலிஷ் மொழியில் எழுதிய 'ஹானெமன்'. ஜேர்மன் மொழியில் 'டான்சிக்கில் மரணம்' என்ற பெயரில் கிடைக்கிறது. எல்லோரும் ஓட, ஓடாமல் தங்கிவிட்ட ஒரு ஜேர்மன் வைத்தியர். அதே வீட்டுக்குக் குடிவரும் ஒரு போலந்துக் குடும்பம். விட்டுப்போனவர்களின் கோப்பைகள், துணிகள், தளபாடங்கள் பற்றி வரும் பக்கங்களை வாசித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, பாவெல் ஹூயெல்லே 1987இல் எழுதிய 'வைசர் டவிடெக்'. 1957ஆம் ஆண்டுக் கோடை, பழைய ஜேர்மன் சவக்காலையில் விளையாடும் பெடியள், காணாமல் போகும் ஒரு யூதச் சிறுவன். யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியாத கல்லறைகளுக்கு நடுவே வளர்ந்த தலைமுறையின் கதை. அழிக்கப்பட்ட சவக்காலைகளுக்காக 2002இல் கிடான்ஸ்க்கில் ஒரு நினைவிடம் அமைத்தார்கள். இந்த நாவலை வாசித்துவிட்டுப் போனால் அதைத் தாண்டிப் போகமாட்டீர்கள்.

கொம்யூனிச ஆட்சியில் இது 'மீட்கப்பட்ட நிலம்'. முன்பு இங்கே இருந்தவர்களைப் பற்றி உரக்கக் கதைக்கமுடியாது. க்வின், ஹூயெல்லே போன்றவர்கள் அந்த மௌனத்தை உடைத்தார்கள். அவர்கள் வீட்டைப் பறித்தவர்கள் அல்ல. அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். கோப்பையின் அடியில் ஏன் ஜேர்மன் எழுத்து இருக்கிறது என்று கேட்ட பிள்ளைகள்.

இனி, நான் புத்தகத்தை மூடியதற்கான காரணம். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அவர்களுடைய சாமான்கள் பிறகு விலைக்கு வந்தன. எங்கள் வீட்டுக்கும் ஒரு தையல் மெசின் வந்தது. மலிவு என்று அம்மா சந்தோசப்பட்டார். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் பள்ளிக்கூடச் சட்டை அதில்தான் தைத்தது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனத்தோடு சனமாக நாங்களும் மழைக்குள் நடந்தோம். தையல் மெசின் வீட்டோடு நின்றது. பிறகு அது யார் கைக்குப் போனதோ?

நான் இழந்த வீட்டைப் பற்றி எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அந்த மெசினைப் பற்றி இன்றைக்குத்தான் எழுதுகிறேன். எழுதவைத்தது எங்கோ பால்டிக் கடல் ஓரத்து ஊரைப் பற்றிய ஒரு போலிஷ் நாவல்.

ஆகவே நண்பரே, புது ஊருக்குப் போகமுன் நாவல் தெரிவுசெய்ய என்னிடம் இருப்பது ஒரே ஒரு கணக்குத்தான். அந்த ஊரை இழந்தவர் எழுதியது ஒன்று. அந்த வீட்டுக்குள் வந்தவர் எழுதியது ஒன்று. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை எழுதியது ஒன்று. நேரம் இல்லையென்றால் உங்கள் மனதுக்குப் பிடிக்காத ஆளின் புத்தகத்தை முதலில் எடுங்கள். நாளைக்கு யாராவது ஒரு வெளியாள் யாழ்ப்பாணம் போகமுன் என்ன வாசிக்கலாம் என்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன். எங்கள் கதையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பமாட்டேன்.

அந்த ஐந்து நாளில் எனக்காக ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்கி, தபாற்கந்தோருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.