உத்தியோகத் தெரிவும் நியாயஸ்தலமும்

செஞ்சியை அடுத்த தொண்டூரில் நம் மரபினர் ஒருவர் இல்லத்து விவாகத்திற்கு நாம் சென்றிருந்த காலை, பந்தி எழுந்தபின் முதியவர் ஒருவர் திண்ணையில் நம்மை அணுகி, “ஐயா, என் மகன் எழுத்துப் பரீட்சையில் தேறினான், நேர்முகத்திற்கும் போய் வந்தான், பட்டியலில் பெயர் வரவில்லை. இன்ன சாதி என்று தெரிந்துதான் தள்ளிவிட்டார்களோ? இதற்குச் சட்டத்தில் வழி உண்டா?” என வினவினார். அவ்வலுவலகம் இன்னதெனக் கூறுதல் ஈண்டு முறையன்று. அது சர்க்காரைச் சேர்ந்தது என்ற அளவே போதும். இவ்வினாவை நம் சங்கத்தார் பலரும் பலகால் எழுப்பியுள்ளனராதலின், இதன் வரலாற்றை ஒருவாறு எழுதப் புகுந்தோம்.

உத்தியோகத்தை ஒரு கூட்டத்தாரே கைக்கொள்கின்றனர் என்னும் முறையீடு நம் நாட்டிற்குப் புதியதன்று. கும்பினியார் ஆண்ட நாளிலேயே, 1854-ஆம் ஆண்டில், சென்னை ரெவினியூ போர்டார் 128-ஆம் எண்ணுள்ள நிலையாணை ஒன்று பிறப்பித்தனர். ஜில்லாக்களிலுள்ள கீழ்த்தர உத்தியோகங்களை முக்கிய சாதியார் பலர்க்கும் பகிர்ந்தளிக்கக் கலெக்டர்கள் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. ஆணை ஏட்டில் இருந்தது. கச்சேரிகள் இருந்தவாறே இருந்தன. மீறினவரைக் கேட்கும் உரிமை எந்தக் குடியானவனுக்கும் அதில் தரப்படவில்லை.

பின்னர் நீதிக்கட்சியார் காலத்தில், 1921 முதல் வகுப்புவாரி உத்தரவுகள் தோன்றின. 1927-இல் பிறந்து, எஸ். முத்தையா முதலியார் மந்திரியாயிருந்தபோது 1928-இல் செயலுக்கு வந்த உத்தரவுப்படி, நிரப்பப்படும் ஒவ்வொரு 12 இடத்திலும் பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முகம்மதியருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவருமாகியோருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என வகுக்கப்பட்டது. நம்மவர் அந்த ஐந்தினுள் அடங்கியவர். ஆனால் ஐந்து என்னும் அந்தப் பெரும்பந்தியில் முன்னரே கல்வியும் நிலமும் உடைய வகுப்பார் முதலில் அமர, நம்போன்றார் கடைசியில் நின்றனர் என்பதை மறைத்தல் வேண்டா. பிறரைக் குறைகூறுமுன் பிராமணரல்லாதாராகிய நம் அணியினுள்ளேயே இருந்த ஏற்றத்தாழ்வையும் நாம் எண்ணுதல் வேண்டும். 1934-இல் தோன்றிய சென்னை மாகாணப் பிற்பட்ட வகுப்பார் சங்கம் இக்குறையையே முறையிட்டுவந்தது. அதன் பயனாக 1947-இல் உத்தரவு திருத்தப்பட்டு, 14 இடங்களுள் பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு 6 என்றும், பிற்பட்ட ஹிந்துக்களுக்கெனத் தனியே 2 என்றும் ஆயிற்று.

நிற்க. 1949 டிசம்பர் 16-இல் சென்னைப் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் ஜில்லா முன்சீப் உத்தியோகங்களுக்கு விண்ணப்பம் கோரியது. நிலவழக்கின்பொருட்டு முன்சீப் கோர்ட்டு வாயிலில் நின்றறியாத குடும்பம் நம்மில் அரிதாகலின், அவ்வுத்தியோகத்தின் பெருமையை நாம் விரிக்க வேண்டுவதில்லை. மொத்தம் 83 இடங்கள். அந்நாளைய உத்தரவு ஹரிஜனர் எனக் குறித்தோர்க்கு 19, முகம்மதியருக்கு 5, கிறிஸ்தவருக்கு 6, பிற்பட்ட ஹிந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு 32, பிராமணருக்கு 11 எனப் பங்கிடப்பட்டன. பி. வேங்கடரமணர் என்னும் பிராமண விண்ணப்பதாரர் தெரிந்தெடுக்கப்படவில்லை. இதற்கிடையில் 1950 ஜனவரி 26-இல் அரசியலமைப்பு செயலுக்கு வந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் மதம், குலம், சாதி, பால், பிறப்பிடம் முதலியன மட்டுமே காரணமாக எவரையும் விலக்கலாகாது என அதன் 16-ஆம் பிரிவு கூறுகின்றது. 32-ஆம் பிரிவோ அவ்வுரிமைக்காக நேரே சுப்ரீம் கோர்ட்டை அடையும் வழியைத் திறக்கின்றது. அவர் அவ்வழியே சென்றார்.

அவர் கொண்டு சென்றது மனக்குறை மட்டுமன்று. 83 என்னும் பகுப்பும், தாம் பெற்ற மதிப்பெண்களுமாம். வகுப்புவாரி உத்தரவை நீக்கிப் பார்ப்பின் அம்மதிப்பெண்கள் அவரைத் தெரிவுக்கு உரியவராக்கும் என்பது வழக்கில் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஐயம் வழக்காக மாறிய இடம் அதுவே.

1951 ஏப்ரல் 9-இல் தீர்ப்பு வெளிவந்தது. அதே நாளில்தான் கல்லூரிச் சேர்க்கை பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கிலும் தீர்ப்பு கூறப்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து, ‘அன்று நம் பங்கைப் பறித்தனர்’ என்று நம்மவருள் முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். அது பாதி உண்மையே. கல்லூரிச் சேர்க்கையில் நேர்ந்த இடரைப் போக்க 1951 ஜூன் மாதத்தில் அரசியலமைப்பையே திருத்த நேர்ந்தது மெய். உத்தியோக வழக்கிலோ, பிற்பட்ட வகுப்பார்க்கு இடம் ஒதுக்க 16-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு முன்னரே இடந்தந்திருந்தமையின், தாழ்த்தப்பட்டோர்க்கும் பிற்பட்ட ஹிந்துக்களுக்கும் செய்த ஒதுக்கீடு முறையானதே எனக் கோர்ட்டார் கொண்டனர். ஏனைய பகுப்பையே செல்லாதென்றனர். 1947-இல் பெரிய பந்தியினின்றும் பிரிந்து தனியிலை கேட்ட நம் முன்னோர் செயல் நான்கே ஆண்டில் இங்ஙனம் பயன்பட்டது.

வேங்கடரமணர்க்குக் கிடைத்தது யாது என்பதையும் நோக்குக. கோர்ட்டார் அவருக்கு உத்தியோகம் அளித்தாரிலர்; வகுப்புச் சுழற்சி விதியைக் கருதாது அவர் விண்ணப்பத்தைத் தகுதிபற்றி ஆராய்ந்து முடிவு செய்க எனச் சர்க்காருக்குக் கட்டளையிட்டனர். வழக்குக்குச் செல்வோர் எதிர்பார்க்கத்தக்கது பெரும்பாலும் அவ்வளவே. நிலத்தை விற்று வழக்காடத் துணிவோர் இதனை முதற்கண் அறிதல் நலம்.

தொண்டூர் முதியவர் வினா நேர்முகம் பற்றியதாகலின், ஹரியானாவில் எழுந்த அசோக் குமார் யாதவ் வழக்கும் ஈண்டுக் கூறத்தக்கது. எழுத்துப் பரீட்சையில் மிக்க மதிப்பெண் பெற்றோர் நேர்முகத்தால் வீழ்த்தப்பட்டனர் என்றும், கமிஷன் உறுப்பினரின் உறவினர் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்றும் முறையிட்டனர். 1985-இல் சுப்ரீம் கோர்ட்டார், நேர்முகத்திற்கு மொத்தத்தில் 22.2 விழுக்காடும், முன்னாள் படைவீரர்க்கு 33.3 விழுக்காடும் ஒதுக்கியது மிகையென்றும், இனி 12.2 விழுக்காட்டிற்கு மேற்படலாகாதென்றும், உறவினர் வருங்கால் உறுப்பினர் விலகுதல் வேண்டுமென்றும் கூறினர். எனினும் நடந்து முடிந்த தெரிவை அவர்கள் அழித்திலர்.

இந்நாளில் செய்யத்தக்கது யாதெனின், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன், தன் எழுத்து மதிப்பெண், நேர்முக மதிப்பெண், தன் பிரிவில் இறுதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் பெற்ற மதிப்பெண், இடப்பகுப்பு ஆகியவற்றைக் கேட்டல் முதற்செயல். முப்பது நாளில் விடை வாராவிடினும், மறுக்கப்படினும், அடுத்த முப்பது நாளில் அவ்வலுவலகத்து மேலதிகாரிக்கு முறையிடலாம். அதன்மேல் தகவல் ஆணையம் உளது. முரண் புலப்படின், மாநில சர்க்கார் உத்தியோகமாயின் 226-ஆம் பிரிவின்படி ஹைகோர்ட்டில் ரிட் மனுவும், மத்திய சர்க்காரினதாயின் பெரும்பாலும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் மனுவும் இடல் வேண்டும். தெரிந்தெடுக்கப்பட்டோரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறவற்க; அவரை விட்டுத் தொடுத்த வழக்கு நில்லாதென்பது 1984-இல் பிரபோத் வர்மா வழக்கில் வலியுறுத்தப்பட்டது. தெரிவுமுறை தவறெனத் தோன்றின், தோற்குமுன்னரே எழுத்தில் ஆட்சேபித்தல் வேண்டும். வாய்ப்பை நுகர்ந்து தோற்றபின் முறையைப் பழித்தோரை 1995-இல் மதன்லால் வழக்கில் கோர்ட்டார் ஏற்றிலர்.

தனியார் கம்பெனிகளின் திறம் வேறு. 16-ஆம் பிரிவு அவர்களைக் கட்டாது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் 1955, 1989-ஆம் ஆண்டுச் சட்டங்களில் சில காப்புகள் உள. நம்போன்ற பிற்பட்டோர்க்கு அங்ஙனம் ஒன்றும் இல்லை. ஐயமோ வெறுங்கற்பனையன்று. தோரட், அட்டுவெல் என்னும் ஆராய்ச்சியாளர் ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பி, தாழ்த்தப்பட்டோர் பெயருடையவற்றிற்கு அழைப்புக் குறைதலை 2007-இல் வெளியிட்டனர். நம் தமிழ்நாட்டில் பெயரின் வாலாகிய சாதிப் பட்டத்தைப் பெரும்பாலும் அறுத்தோம். அதற்கீடாக ஊர் யாது, தகப்பனார் தொழில் யாது என்னும் வினாக்கள் நேர்முகத்தில் எழுகின்றன!

தொண்டூர்க் குன்றில் சமண முனிவர்க்கு அமைத்த கற்படுக்கையருகே பழந்தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் உள. ஏவியவர் இன்னார், அறம் இன்ன ஊரது, செய்தவர் இன்னார் என்பதனை இன்றும் அவை காட்டுகின்றன. மறுநாட் காலை அக்குன்றினைக் கண்டு மீண்டு, முதியவர் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து, அவர் மைந்தன் பெயரால் தகவல் விண்ணப்பம் எழுதி அனுப்பினோம். எழுத்து மதிப்பெண்ணைத் தெரிவித்து விடை வந்தது. நேர்முக மதிப்பெண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மேல்முறையீடு சென்ற வாரம் பதிவுத் தபாலிற் சென்றிருக்கின்றது.