இருக்கையும் குரலும்: அமெரிக்க ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தில் கனடா சேர வேண்டுமா?

2005 பிப்ரவரி 24 அன்று, அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தில் தம் நாடு சேராது என்று கனடியப் பிரதமர் பால் மார்ட்டின் அறிவித்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான், வாஷிங்டனுக்குத் தூதராகப் போகவிருந்த பிராங்க் மெக்கென்னா, கனடா ஏற்கெனவே அத்திட்டத்தின் ஓர் அங்கமாகிவிட்டது என்னும் பொருள்படப் பேசியிருந்தார். இருவரும் ஒரே அரசின் சார்பில் பேசியவர்கள். இருவர் சொன்னதும் உண்மை. இருபது ஆண்டுகளாக இந்த விவாதம் சிக்கலாகவே இருப்பதற்கு அதுவே காரணம்.

மெக்கென்னா சொன்னது எவ்வாறு உண்மை? அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் வான்பாதுகாப்புக் கட்டளையகமான நோராட்டின் ஒப்பந்தம் 2004 ஆகஸ்டில் திருத்தப்பட்டது. ஏவுகணை வருகிறது என்று இரு நாட்டுப் படையினரும் சேர்ந்து கண்டறியும் எச்சரிக்கைத் தகவலை, அமெரிக்காவின் தடுப்புத் திட்டமும் பயன்படுத்திக்கொள்ள அத்திருத்தம் வழிசெய்தது. எனவே 2005இல் மார்ட்டின் மறுத்தது எஞ்சியதைத்தான்: இடைமறி ஏவுகணைகளில் பங்கு, அவற்றை ஏவும் முடிவில் பங்கு. கண்ணைக் கொடுத்தாகிவிட்டது, கையைக் கொடுக்க மறுத்தார்.

அந்தக் கேள்வி இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2025 மே 20 அன்று அதிபர் டிரம்ப் 17,500 கோடி டாலர் மதிப்பில் 'கோல்டன் டோம்' என்னும் ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவித்தார். மூன்று ஆண்டுகளில் முடியும் என்றார். ஒரு வாரம் கழித்து, தனி நாடாக இருந்தபடி சேர்வதானால் கனடா 6,100 கோடி டாலர் தர வேண்டும், அமெரிக்காவின் 51ஆவது மாநிலமானால் ஒன்றும் தர வேண்டியதில்லை என்று எழுதினார். பிரதமர் மார்க் கார்னியின் அரசோ பேச்சு நடப்பதாகச் சொல்லிக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. கண்காணிப்பிலும் எச்சரிக்கையிலும் கனடா தயங்காமல் முழுமையாக இணைய வேண்டும். இடைமறிப்பில், குறிப்பாக விண்வெளியில் ஆயுதம் நிறுத்தும் பகுதியில், சேரக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நிலவியல். உலக உருண்டை ஒன்றில் வடகொரியாவிலிருந்து சிகாகோவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது பசிபிக்கின் நடுவே போகாது. கிழக்கு ரஷ்யாவின் மேலாக ஏறி, அலாஸ்காவின் பக்கமாக வந்து, கனடாவின் மேலாக இறங்கும். ரஷ்யாவிலிருந்து வரும் ஏவுகணையும் குண்டுவீச்சு விமானமும் துருவத்தைத் தாண்டியே வரும். அதனால்தான் 1957இல் அலாஸ்கா தொடங்கி கிரீன்லாந்து நோக்கி நீண்ட 'டியூ லைன்' ராடார் வரிசையின் பெரும்பகுதி கனடிய மண்ணில் அமெரிக்கப் பணத்தில் எழுந்தது. நோராட் கட்டளையகமும் அதே ஆண்டில் இயங்கத் தொடங்கியது. தலைமைத் தளபதி அமெரிக்கர், துணைத் தளபதி கனடியர் என்னும் மரபு இன்றுவரை தொடர்கிறது.

ராடார் மட்டும்தானே, அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்கள் வடக்கில் வாழும் இனுயிட் மக்களிடம் கேட்க வேண்டும். கைவிடப்பட்ட நிலையங்களில் நச்சு வேதிப்பொருள்களும் எரிபொருள் பீப்பாய்களும் பல ஆண்டுகள் கிடந்தன. கனடியப் பாதுகாப்புத் துறை 21 நிலையங்களைத் துப்புரவு செய்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. கண்காணிப்பை ஆதரிக்கும் நான், அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதை மறைத்துவிட்டு வாதிட விரும்பவில்லை.

சேர வேண்டும் என்போரின் வாதங்களில் மிக வலுவானது 2017 செப்டம்பரில் வெளிப்பட்டது. நோராட்டின் அன்றைய துணைத் தளபதி பியர் சேன்ட்-அமான், கனடிய நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, நடப்பிலுள்ள அமெரிக்கக் கொள்கைப்படி கனடாவைக் காப்பது கடமையாகாது என்று தெரிவித்தார். ஏவுகணை வருவதைக் கண்டறியும் அறையில் கனடிய அதிகாரி இருப்பார். அதைச் சுட்டு வீழ்த்தும் முடிவோ 2002இல் உருவான அமெரிக்க வடக்குக் கட்டளையகத்தின் கையில். அம்முடிவில் கனடியருக்குப் பங்கில்லை. மேலவையின் பாதுகாப்புக் குழு 2014இலேயே, கட்சி வேறுபாடின்றி, சேர்ந்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. மேசையில் இருக்கை இல்லாதவனுக்குக் குரலும் இல்லை என்பதே அப்பரிந்துரையின் உட்பொருள்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இருக்கை குரலைத் தரும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டா? 1962 அக்டோபர் 22ஐப் பார்க்கலாம். நோராட் இயங்கத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்க அதிபர் கென்னடி அன்று மாலை உலகுக்கு அறிவித்தார். அதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்புதான் லிவிங்ஸ்டன் மெர்ச்சண்ட் என்னும் தூதர் ஒட்டாவாவுக்கு வந்து பிரதமர் டீஃபன்பேக்கரிடம் செய்தியைச் சொன்னார். கலந்தாலோசனை நடக்கவில்லை, தகவல் தெரிவிக்கப்பட்டது, அவ்வளவே. சினமுற்ற டீஃபன்பேக்கர் கனடியப் படைகளை உஷார்நிலைக்குக் கொண்டுவரும் ஆணையை இரண்டு நாள் தள்ளிப்போட்டார். அவருடைய பாதுகாப்பு அமைச்சர் டக்ளஸ் ஹார்க்னெஸோ படைகளை ஓசையின்றி ஆயத்தப்படுத்திவிட்டார். கூட்டுக் கட்டளையகத்தில் துணைத் தளபதி பதவி கனடாவிடம் இருந்தது. நெருக்கடியின் உச்சத்தில் அதன் பிரதமரின் சொல்லுக்கு இடம் இருக்கவில்லை. ஆறு நாள் விவாதித்துத் தீர்மானித்த ஒரு முடிவிலேயே கிடைக்காத குரல், அரை மணி நேரத்தில் வந்து விழும் ஏவுகணை பற்றிய முடிவில் கிடைக்கும் என்று எதை நம்பிச் சொல்வது?

டொரொண்டோவை நோக்கி வரும் ஏவுகணையை அமெரிக்கா வேடிக்கை பார்க்குமா என்பது அடுத்த அச்சம். வின்ட்சருக்கும் டெட்ராய்ட்டுக்கும் நடுவே ஓர் ஆறுதான். டொரொண்டோவிலிருந்து ஒன்டாரியோ ஏரியைத் தாண்டினால் பஃபலோ. வான்கூவரிலிருந்து எல்லைக்கு ஒரு மணி நேரக் கார்ப் பயணம்கூட இல்லை. கனடாவின் பெருநகரங்கள் மீது விழும் அணுகுண்டின் கதிர்வீச்சு எல்லைச் சாவடியில் நிற்காது. இலக்கு எது என்று உறுதியாகும் வரை காத்திருக்கவும் எந்தத் தளபதியாலும் முடியாது. அமெரிக்கா சுடுவதானால் தன்னைக் காக்கவே சுடும். எட்மண்டனுக்கு இந்த வாதம் இதே வலுவுடன் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்நகரம் எல்லையிலிருந்து வெகுதொலைவில் இருக்கிறது. ஆயினும், கையிருப்பில் இருக்கும் சில இடைமறி ஏவுகணைகளில் எத்தனையை எட்மண்டனுக்குச் செலவிடுவது என்னும் கணக்கை, கனடா சேர்ந்தாலும் போடப்போவது அமெரிக்கத் தளபதிதான்.

அந்தக் கையிருப்பு எவ்வளவு? தரையிலிருந்து ஏவப்படும் தடுப்பு ஏவுகணைகள் மொத்தம் 44: அலாஸ்காவின் போர்ட் கிரீலியில் 40, கலிபோர்னியாவின் வாண்டன்பர்க்கில் 4. 1999 முதல் நடந்த இருபது சொச்சம் இடைமறிப்புச் சோதனைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் வெற்றி. அவையும் முன்கூட்டித் திட்டமிட்டு நடத்தப்பட்டவை. ஓர் இலக்குக்குப் பலவற்றை ஏவ வேண்டியிருப்பதால், வடகொரியா போன்ற சிறு அணு ஆயுத நாட்டின் சில ஏவுகணைகளுக்கு மட்டுமே இது ஈடுகொடுக்கும். ரஷ்யாவின் 1,500க்கும் மேற்பட்ட அணுமுனைகளை எதிர்கொள்ள இது வடிவமைக்கப்படவே இல்லை.

கோல்டன் டோம் இந்த எல்லையை விண்வெளிக்குப் போய்த் தாண்டப் பார்க்கிறது. ஏவுகணை கிளம்பிய முதல் மூன்று, நான்கு நிமிடங்களில், அதன் எரிபொருள் எரிந்து முடிவதற்குள், வட்டப்பாதையில் சுற்றும் ஆயுதங்களால் அதை அழிப்பது நோக்கம். சிக்கல் இயற்பியலில் இருக்கிறது. தாழ்வான வட்டப்பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் ஓரிடத்தின் மேல் நிற்காது. தேவைப்படும் நொடியில் பெரும்பாலானவை பூமியின் வேறு மூலைகளில் இருக்கும். பத்து வடகொரிய ஏவுகணைகள் அடுத்தடுத்துக் கிளம்பினால் அவற்றைத் தடுக்க முயல்வதற்கே ஏறத்தாழ 16,000 விண்வெளி இடைமறிப்பான்கள் வேண்டியிருக்கும் என அமெரிக்க இயற்பியல் கழகத்தின் 2025 அறிக்கை கணித்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் விண்வெளிப் பகுதிக்கு மட்டும் இருபது ஆண்டுகளில் 16,100 கோடி முதல் 54,200 கோடி டாலர் வரை ஆகலாம் என்றது. இஸ்ரேலின் 'அயன் டோம்' வெற்றியை இங்கே சான்றாகக் காட்டுவது பொருந்தாது. சில பத்துக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் ராக்கெட்டுகளைத் தடுக்கும் அமைப்பு அது.

சேரும்போது இருக்கும் திட்டம் வேறாகவும் பிறகு அது வேறாகவும் ஆகிவிடும் என்பதற்குக் கனடாவுக்குச் சொந்த அனுபவமே உண்டு. 1958இல் டீஃபன்பேக்கர் அரசு அமெரிக்க 'போமார்க்' தடுப்பு ஏவுகணைகளை ஏற்றுக்கொண்டது. அடுத்த பிப்ரவரியில், கனடாவே உருவாக்கிய 'ஆரோ' போர் விமானத் திட்டத்தைக் கைவிட்டது. ஆயிரக்கணக்கான பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். ஒன்டாரியோவின் நார்த் பேயிலும் கியூபெக்கின் லா மக்காசாவிலும் 56 போமார்க்குகள் நிறுத்தப்பட்டன. அணுமுனை இல்லாமல் அவை பயன்படாது. அணுமுனையை ஏற்பதா என்று அமைச்சரவை பிளந்தது. ஹார்க்னெஸ் பதவி விலகினார். 1963 பிப்ரவரியில் அரசு கவிழ்ந்தது. பின்னர் பிரதமராக வந்த லெஸ்டர் பியர்சன் அவ்வாண்டின் கடைசி நாளில் அணுமுனைகளை வரவழைத்தார். 1972இல் போமார்க்குகள் அகற்றப்பட்டன. விமானத் தொழிலில் தானாக எழுந்து நிற்கும் வாய்ப்பை இழந்து ஒரு நாடு பெற்ற பாதுகாப்பு இது. 2005இல் மார்ட்டின் கையெழுத்திட்டிருந்தால், தரையில் நிற்கும் சில டசன் ஏவுகணைகளுக்கான அந்தக் கையெழுத்து, இன்று விண்வெளி ஆயுதத்துக்குமான கையெழுத்தாக வாசிக்கப்பட்டிருக்கும்.

இன்னொரு நாட்டின் அனுபவம் இதைவிடக் கூர்மையானது. டென்மார்க், 1951 ஒப்பந்தத்தின்படி, கிரீன்லாந்தின் தூலே தளத்தை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. 1953இல் அங்கிருந்த இனுகுயிட் மக்கள் வடக்கே பெயர்த்து அனுப்பப்பட்டார்கள். 1968 ஜனவரியில் நான்கு அணுகுண்டுகளுடன் ஒரு பி-52 விமானம் அதனருகே கடற்பனியில் விழுந்தது. இத்தனைக்கும் பிறகு, 2004இல், தூலே ராடாரை ஏவுகணைத் தடுப்புக்காக மேம்படுத்த டென்மார்க்கும் கிரீன்லாந்தும் ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டு மறுத்துவிட்ட கனடாவுக்கு நேர்மாறாக டென்மார்க் எல்லாவற்றுக்கும் இசைந்த நாடு. 2025 ஜனவரியில், கிரீன்லாந்தைப் பெறப் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி தர டிரம்ப் மறுத்தார். இசைந்த நாட்டுக்கும் மறுத்த நாட்டுக்கும் மிரட்டல் வந்தது. சேர்ந்துவிட்டால் இறையாண்மை காப்பாற்றப்படும் என்று ஒட்டாவாவில் சொல்பவர்கள் கோபன்ஹேகனைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கண்காணிப்பில் மட்டும் ஏன் இணைவது? தகவல் தருபவனுக்கும் சுடுபவனுக்கும் என்ன வேறுபாடு என்று அமைதி இயக்கத்தினர் கேட்பது நியாயமான கேள்வி. என் விடை 1979 நவம்பர் 9இல் இருக்கிறது. அன்று பயிற்சிக்கான நாடா ஒன்று நோராட் கணினியில் தவறுதலாக ஓடி, பெரும் சோவியத் தாக்குதல் தொடங்கிவிட்டதாகத் திரைகளில் காட்டியது. குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட ஆயத்தமாயின. உலகைக் காத்தது, செயற்கைக்கோள்களிலும் ராடார்களிலும் அப்படி ஒன்றும் தென்படவில்லை என்ற செய்தி. நன்றாகப் பார்க்கும் கண் பொய் எச்சரிக்கையையும் அடையாளம் காட்டும். அதனால் எதிரிக்கும் நன்மை. விண்வெளி இடைமறிப்பானோ, தன் பதிலடித் திறனைப் பறிக்க வருகிறது என்ற அச்சத்தையே எதிரியிடம் விதைக்கும். 2025 மே மாதம் ரஷ்யாவும் சீனாவும் கூட்டாக இத்திட்டத்தைக் கண்டித்தன. அவர்கள் தன்னலத்தில் பேசுகிறார்கள் என்பது சரி. ஆனால் அந்த அச்சத்துக்கு அவர்கள் தரப்போகும் விடை கூடுதல் ஏவுகணைகளாகவே இருக்கும்.

கண்காணிப்புக்கான வேலை ஏற்கெனவே நடக்கிறது. 2022 ஜூனில், தமிழ்நாட்டுத் தந்தைக்கு மகளாகக் கனடாவில் பிறந்த அனிதா ஆனந்த் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, நோராட்டைப் புதுப்பிக்க இருபது ஆண்டுகளுக்கு 3,860 கோடி கனடிய டாலரை அறிவித்தார். 2025 மார்ச்சில் கார்னி, ஆஸ்திரேலியத் தொழில்நுட்பத்தில் அமையும் அடிவானம் கடந்து பார்க்கும் ராடாருக்கு 600 கோடி கனடிய டாலர் ஒதுக்கினார். வளிமண்டலத்தின் மேலடுக்கில் அலைகளைத் தெறிக்கவைத்துத் தொலைவைப் பார்ப்பது அது. தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணையையும் விமானத்தையும் நெடுந்தொலைவிலேயே கண்டுகொள்ளும். இவை கனடாவின் வடக்கைக் கனடாவே அறிந்துகொள்ளவும் உதவுபவை. அமெரிக்காவுக்கோ இவை இல்லாமல் வடதிசைப் பார்வை குறைபடும். கனடாவிடம் உள்ள உண்மையான செல்வம் இதுதான். இதைக் கையில் வைத்திருப்பவர், நுழைவுக் கட்டணமாக 6,100 கோடி டாலர் கேட்பவரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

1968இல் நோராட் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, ஏவுகணைத் தடுப்பில் பங்கேற்கும் கடப்பாடு எதையும் இது கனடாவின் மேல் சுமத்தாது என்னும் விதியை ஒட்டாவா எழுதி வாங்கியது. 1981இல் அது நீக்கப்பட்டது. ஆயினும் 1985இல் மல்ரோனியின் பழமைவாத அரசு அமெரிக்க அதிபர் ரேகனின் 'நட்சத்திரப் போர்' ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தில் அரசு அளவில் சேர மறுத்தது; 2005இல் மார்ட்டினின் லிபரல் அரசு மறுத்தது. இந்த இரு முறையும் மறுப்பு பிரதமர் ஒருவரின் துணிவைச் சார்ந்தே இருந்தது. இனி அது சட்டத்தைச் சார்ந்திருக்க வேண்டும். எச்சரிக்கைத் தகவல் உண்டு, இடைமறிப்பில் பங்கு இல்லை, விண்வெளி ஆயுதத்துக்குக் கனடிய மண்ணோ பணமோ இல்லை, வடக்கில் எழும் எந்த நிலையத்துக்கும் அங்குள்ள மக்களின் இசைவு வேண்டும் என்பதை எழுத்தில் வைத்து, நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். டொரொண்டோ பகுதியின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வாழ்ந்து வாக்களிக்கும் தமிழர்கள், தங்கள் தொகுதி உறுப்பினரிடம் அந்த வாக்கெடுப்பைக் கேட்க வேண்டும்.