கிளட்ச் மிதிக்காமல் ஒரு ஸ்டார்ட்

1912 மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடியைச் சுழற்றி மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்களுக்கு விடுதலை! கூடவே ஒரு தொல்லை: கியரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்தால் துள்ளிப் பாயும்.

ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இதைத் தடுக்க 1968 முதல் அமெரிக்காவில் விதி வந்தது. கையால் கியர் மாற்றும் வண்டிகளில் கம்பெனிகளே பிறகு கிளட்ச் பெடலில் ஸ்விட்ச் வைத்தன (வழக்குக்குப் பயந்தும் இருக்கலாம்). மிதித்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும்.

சரி, செங்குத்தான மலைப்பாதையில் எஞ்சின் அணைந்துவிட்டால்? கிளட்சை மிதித்ததும் வண்டி பின்னால் உருளப் பார்க்கும். மிதிக்காமல் முதல் கியரிலேயே ஸ்டார்ட் செய்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை மேலே இழுக்கும். இதற்காகவே பிக்கப்காரர்கள் சிலர் ஸ்விட்சின் இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்தார்கள்.

டொயோட்டா செய்ததுதான் புத்திசாலித்தனம். 1980-களிலேயே தன் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்களின் டேஷ்போர்டில் 'கிளட்ச் ஸ்டார்ட் கேன்சல்' பொத்தானை வைத்தது. மலையில் மட்டும் அழுத்தினால் போதும். முறுக்கிய வயருக்கு மலையும் ஒன்றுதான், வீட்டு வாசலும் ஒன்றுதான். வெளியே நின்றபடி ஜன்னல் வழியே சாவியைத் திருப்பினாலும், கியரில் இருந்தால் வண்டி கிளம்பிவிடும், ஓட்ட ஆள் இல்லாமலே.