முப்பதாம் தெருத் தேவாலயம்

நியூயார்க் நகரத்து மன்ஹாட்டனில், கிழக்கு முப்பதாம் தெருவில், 1875ஆம் ஆண்டில் கிறிஸ்தவ வழிபாட்டுக்கெனக் கட்டப்பெற்று, பிற்பாடு சபை மாறி, ஒரு காலத்தில் வானொலி நிலையமாகவும் இருந்து, 1940களின் இறுதியில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் வசம் வந்து சேர்ந்த பழைய தேவாலயம் ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஜாஸ் பதிவுகளிலும் மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதப் பதிவுகளிலும் ரசிகர்கள் உயிரினும் மேலாகப் போற்றுகின்றவை பல அந்த ஒரே கூரையின் கீழ் உருவானவை. அது தற்செயலாக நேர்ந்ததன்று, அந்தக் கூடமும் வித்வான்களுள் ஒருவராக நின்று வாசித்தது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஏறத்தாழ 100 அடி உயரம் என்று சொல்லப்படும் விதானமும், மரத்தாலான தளமும், பூச்சு மங்கிய சுவர்களுமாக அது கைக்கு வந்தபோது, இசைப் பொறுப்பாளர்களில் ஒருவரான மிட்ச் மில்லர், சுவருக்கு வண்ணம் பூசலாகாது, திரைகளை அகற்றலாகாது, தரையைத் தேய்த்துக் கழுவவும் கூடாது என்று கண்டிப்பாக ஆணையிட்டார் என்பர். நாதம் எழுந்து, விதானத்தை எட்டி, கரையாமலும் கலங்காமலும் திரும்பி வரும் அந்த இயல்பு எந்தப் பொருளால் அமைந்தது என்பதை எவராலும் பிரித்துச் சொல்ல இயலாதபோது, எதையும் தொடாமல் விடுவதே விவேகம் என்று அவர் கண்டார்.

காலமும் அனுகூலமாக அமைந்தது. பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷங்களே கொண்ட பழைய தட்டுகளுக்குப் பதிலாக, இருபது நிமிஷங்களுக்கு மேல் இடைமுறிவின்றி ஒலிக்கும் நெடுந்தட்டை கொலம்பியா 1948இல் வெளியிட்டிருந்தது; ஒரு நீண்ட கிருதியை முழுமையாகக் கேட்கும் பாக்கியம் அதன் பின்னரே சாமானிய ரசிகனுக்கு வாய்த்தது.

அத்தகைய கிருதி ஒன்றைத்தான், 1955 ஜூன் மாதத்தில், கனடாவிலிருந்து வந்த 22 வயது பியானோ வித்வான் கிளென் கூல்ட் அங்கே வாசித்தார். யோஹான் செபாஸ்டியன் பாக் ஹார்ப்ஸிகார்டுக்காக இயற்றி 1741இல் அச்சேறிய, ஓர் ஆரியாவும் முப்பது மாறுபாடுகளும் கொண்ட ‘கோல்ட்பர்க்’ அது. கோடைகாலத்திலும் மேலங்கி, கழுத்துத் துணி, கையுறை சகிதமாக வந்து, வெந்நீரில் கைகளை நெடுநேரம் ஊறவைத்து, தாம் கொண்டுவந்த குட்டையான மடக்கு நாற்காலியில் அமர்ந்து, வாசிக்கும்போதே வாய்க்குள் முனகிக்கொண்டிருந்த அந்த இளைஞர், எளிமையே உருவான ஆரியாவுக்கு ஏற்ற பாவம் கைகூடும்வரை அதனை ஏறத்தாழ இருபது முறை வாசித்தாராம். முனகலைக் குறை என்று சொல்வாரும் உண்டு. எனக்கோ, 38 நிமிஷங்களில் மின்னலெனப் பாய்ந்து முடியும் அந்த வாசிப்பில், விரல்களுக்குப் பின்னால் ஒரு மனம் பாடிக்கொண்டே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1959 மார்ச் 2ஆம் தேதியும் ஏப்ரல் 22ஆம் தேதியும், மைல்ஸ் டேவிஸ் தம் குழுவினருடன் ‘கைண்ட் ஆஃப் புளூ’வைப் பதிவு செய்தார். ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பில் எவன்ஸ் போன்ற மகாவித்வான்கள், விரைந்து மாறும் சுரக்கூட்டுகளை விடுத்து, தலைவர் தந்த சுரவரிசைக் குறிப்புகளை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு, ஒத்திகை என்று சொல்லத்தக்கது ஏதுமின்றி அங்கேயே கற்பனை செய்து வாசித்தார்கள். ஆலாபனையில் பழகிய நம் செவிக்கு இது அந்நியமாகத் தோன்றாது. முதல்நாள் ஓடிய ஒலிநாடா இயந்திரம் சிறிது மந்தமாக ஓடியமையால், தட்டின் முதற்பக்கத்து மூன்று உருப்படிகளும் சுருதி சற்றே ஏறி ஒலித்தன. பக்கத்தில் காப்புக்கென ஓடிய மற்றோர் இயந்திரத்தின் நாடாவைக் கொண்டு 1992இல்தான் அந்தப் பிழை களையப்பட்டது.

அதே ஆண்டுக் கோடையில் டேவ் புரூபெக் குழுவினர் ‘டைம் அவுட்’டைப் பதிவு செய்தார்கள். அதிலுள்ள, பால் டெஸ்மண்ட் இயற்றிய ‘டேக் ஃபைவ்’ ஐந்தெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. அதன் நடுவே ஜோ மொரெல்லோ தனியாகத் தாளவாத்தியம் வாசிக்கும்போது, அடிக்கும் அடிக்கும் இடையே மௌனம் விட்டு நிற்கின்றார். அந்த மௌனத்தில் கூடத்தின் கார்வையைத் துல்லியமாகக் கேட்கலாம். முந்தைய ஆண்டு பில்லி ஹாலிடே, நைந்து தேய்ந்த தம் இறுதிக்காலக் குரலில், வயலின் குழுவுடன் ‘லேடி இன் சாட்டின்’ பாடியதும் இக்கூடத்திலேதான்.

கூல்ட் 1981இல் மீண்டும் இங்கே வந்து, அதே ‘கோல்ட்பர்க்’கை நிதானித்து, 51 நிமிஷங்களில் வாசித்தார். தட்டு வெளிவந்த சில நாட்களில், 50 வயதிலேயே, 1982 அக்டோபர் 4ஆம் தேதி காலமானார். கூடமும் அவ்வளவில் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. சங்கீதத்தால் பொருளீட்டிய ஒரு பெரிய நிறுவனம் அதனைக் காப்பாற்றாமற் போனது பொறுக்கத்தக்கதன்று.

இரண்டு வாசிப்புகளையும் ஒருசேரக் கேட்க விரும்புகிறவர்கள், ‘எ ஸ்டேட் ஆஃப் வொண்டர்’ என்ற பெயரில் 2002இல் வந்த தொகுப்பைத் தேடிப் பெறுவது உத்தமம். பிந்திய வாசிப்பை அதில் டிஜிட்டல் பதிவிலிருந்து எடுக்காமல், அதே வேளையில் துணையாக ஓடிய ஒலிநாடாவிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.