பெரட்டு மணியும் பிங்கோ அட்டையும்

முதியோர் இல்லம் ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். தாதி வேலை இல்லை, சமையல் வேலையும் இல்லை. 'நடவடிக்கை ஒருங்கிணைப்பாளர்' என்பது பதவியின் பெயர். சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா, "வயசானவங்களுக்கு விளையாட்டுக் காட்டுறான்" என்பார். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி உடற்பயிற்சி, மூன்று மணிக்குப் பிங்கோ, வெள்ளிக்கிழமை பழைய பாட்டு. சுவரில் ஒட்டிய அட்டவணையில் கட்டங்கள் நிரம்பியிருந்தால் மேலாளருக்குத் திருப்தி, எனக்கும்தான்.

அங்கே ஒரு பாட்டி இருந்தார். கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிங்கோவுக்கு வரமாட்டார். வலுக்கட்டாயமாகக் கூட்டிவந்து உட்கார வைத்தால் அட்டையை என்னிடமே நீட்டி, "இத வெச்சி நான் என்னா தம்பி செய்ய?" என்பார். அவர் கோப்பில் 'நடவடிக்கைகளில் ஆர்வமில்லை' என்று எழுதியவன் நான்தான். விடிகாலை நாலு மணிக்கே எழுந்து நடக்கிறார் என்பதை அதே பக்கத்தில் யாரோ 'உறக்கக் கோளாறு' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த இரண்டு வரிகளும் ரொம்ப நாள் உறுத்தின. இந்த வேலை எங்கிருந்துதான் வந்தது என்று அப்போது தேட ஆரம்பித்தேன்.

1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் வில்லியம் டியூக் என்ற தேயிலை வியாபாரி, மனநலம் குன்றியவர்களுக்காக 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தார். குவேக்கர் சமயத்தவர் அவர். அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டி வைப்பது சாதாரணம். டியூக்கின் இல்லத்தில் அவர்கள் தோட்டவேலை செய்தார்கள், தைத்தார்கள், தேநீர் விருந்துக்கு உட்கார்ந்தார்கள். முற்றத்தில் முயல்களும் கோழிகளும் திரிந்தன. கையில் ஒரு வேலையும் பராமரிக்க ஒரு உயிரும் இருந்தால் மனிதன் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வான் என்பது அங்கே இருந்த நம்பிக்கை.

ஆனால் வேலைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் ஏழை விடுதிகளில் வேலை என்பது தண்டனையானது. பழைய கப்பல் கயிறுகளை விரலால் பிரித்து நாராக்க வேண்டும், கல் உடைக்க வேண்டும். வெளியே பிழைக்க வழியுள்ள யாரும் உள்ளே வர நினைக்கக்கூடாது என்பதுதான் திட்டம். அதற்கும் முடியாத கிழவர்களும் கிழவிகளும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வருடக்கணக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

1882இல் லேடி பிரபேசன் என்ற சீமாட்டி இவர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கினார். பின்னல், பூவேலை, லேஸ் பின்னுவது போன்றவற்றைத் தன்னார்வப் பெண்கள் விடுதிக்குள் போய்ச் சொல்லித் தந்தார்கள். முதல் செலவு சீமாட்டியுடையது. செய்த பொருளை விற்ற பணத்தில் அடுத்த நூலும் ஊசியும் வாங்கினார்கள். முதியோரிடம் வாரந்தோறும் பை நிறையப் பொருளோடு போய் உட்காருகிற ஒருவர் வரலாற்றில் ஏறக்குறைய இங்கேதான் வருகிறார். என் பதவியின் பூட்டி, அந்தப் பெண்கள்தான்.

1935இல் லண்டன் பக்கத்திலுள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, அருகிலிருந்த பழைய ஏழை விடுதியின் நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள். அந்தப் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது. பல பேர் எழவே முடியாது என்று எழுதப்பட்டுப் படுத்துக் கிடந்தார்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். நடக்கப் பழக்கினார், அறைகளுக்கு வெளிச்சமும் நிறமும் கொடுத்தார். நிறைய பேர் எழுந்தார்கள், சிலர் வீட்டுக்கே திரும்பினார்கள். அவர்களில் பலரைப் படுக்க வைத்தது நோய் மட்டுமில்லை, கோப்பில் இருந்த வரியும்தான்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு பண்ணுங்க. பிடித்த செடியை எடுத்துக்கொள்ளுங்க, தண்ணி ஊத்துறது உங்க பொறுப்பு" என்ற பொருளில் சொன்னார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றியது தாதிகள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் உற்சாகத்தோடும் சுறுசுறுப்போடும் இருந்தார்கள். இரண்டு மாடியிலும் செடி ஒன்றுதான். யாருடைய செடி என்பதில்தான் வித்தியாசம்.

1987இல் அமெரிக்கா தாதிமை இல்லங்களுக்கான சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குடியிருப்பவர்களின் விருப்பத்துக்கு ஏற்ற நடவடிக்கைகள் தொடர்ந்து நடக்க வேண்டும், தகுதி பெற்ற ஒருவர் அவற்றை வழிநடத்த வேண்டும் என்பதும் அதில் கட்டாயமானது. சீமாட்டியின் தருமம் ஒரு நூற்றாண்டில் சம்பளமுள்ள தொழிலாகிவிட்டது. ஆனால் சட்டத்தால் அட்டவணையைத்தான் கட்டாயமாக்க முடியும். நான் நிரப்பிய கட்டங்களைப் போல எத்தனை இல்லங்களில் கட்டங்கள் நிரம்பியிருக்கும்!

1991இல் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பில் தாமஸ் என்ற இளம் மருத்துவர் தன் இல்லத்துக்கு இரண்டு நாய், நாலு பூனை, நூறு கிளிகள் கொண்டுவந்தார். கூண்டுகள் வருவதற்கு முன்பே கிளிகள் வந்து இறங்கிவிட்டன. அந்தக் கூத்தை அதுல் கவாண்டே 2014இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ரசித்து எழுதியிருக்கிறார். தாமஸ் எதிர்த்தது மூன்றை: தனிமை, கையாலாகாத்தனம், சலிப்பு. யார்க் முற்றத்து முயல்கள் இருநூறு வருடம் கழித்துக் கிளிகளாகத் திரும்பி வந்தன என்றுதான் எனக்குப் பட்டது.

நம் நாட்டில் பராமரிப்பு நிலையங்களுக்கு 1993லும், தனியார் முதியோர் நலப் பராமரிப்புக்கு 2018லும் சட்டங்கள் வந்தன. கட்டடம், பதிவு, உரிமம் எல்லாம் சட்டத்துக்குள் அடங்கும். ஒரு பாட்டி ஏன் நாலு மணிக்கு எழுகிறார் என்பது எந்தச் சட்டத்துக்குள்ளும் வராது.

ஒருநாள் நானே நாலு மணிக்குப் போனேன். "தூக்கம் வரலையா பாட்டி?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தூங்குனா பெரட்டுக்கு யாரு போறது? நாப்பது வருசம் போயிருக்கேன் தம்பி. வெயில் ஏறிட்டா பால் நின்னுடும்."

பால்மரத்தைக் குளிர்ச்சியிலேயே வெட்ட வேண்டும். அதற்காக இருட்டில் எழுந்து, பெரட்டில் பேர் கொடுத்து, நிரைக்குப் போக வேண்டும். தோட்டத்தைப் பற்றிய எத்தனை கதைகளில் வாசித்திருக்கிறேன்! வாசித்தவனுக்கே கோப்பைப் பார்த்தபோது உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு விடிகாலைக் கோப்பிக்கு மங்குகளை எடுத்து வைப்பது பாட்டியின் வேலையானது. மேலாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சுடுதண்ணீர் பயம். அதோடு, காசு கட்டித் தங்கியிருப்பவரை வேலை வாங்குகிறோம் என்று பேச்சு வரும் என்றார். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு, கயிறு பிரித்த கதையை மறந்துவிடக்கூடாது. கோப்பி ஊற்றுவது பணியாளர், வேண்டாம் என்று பாட்டி சொல்கிற நாளில் கேள்வி கிடையாது என்று முடிவானது. சொல்லவில்லை. இருபத்தாறு மங்குகளை நேர்வரிசையில் வைத்துவிட்டு எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறைந்தால் யார் வரவில்லை என்று விசாரிப்பார். பிங்கோவுக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை.

தோட்டத்தில் வாழ்ந்து, ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டையும் காலி செய்து கொடுத்த தலைமுறை இப்போது இல்லங்களுக்குள் இருக்கிறது. அவர்களுக்கு நடவடிக்கை நடத்த வருகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும்தான். கூடவே பெரட்டு, நிரை, லயம் என்ற சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். இலக்கியம் வாசித்து என்ன வேலைக்குப் போவது என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். சம்பளம் சுமார்தான். நாலு மணிக்கு எழ வேண்டியிருக்கும்.