பீட்டில்ஸ் பாடல்களின் மோனோ, ஸ்டீரியோ கலவைகள்

பீட்டில்ஸ் பாடல்களின் மோனோ, ஸ்டீரியோ கலவைகள் என்பன, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பீட்டில்ஸ் இசைக்குழு 1962 முதல் 1968 வரை பதிவு செய்த பாடல்களுக்கு, ஒரே மூல ஒலிநாடாவிலிருந்து தனித்தனியாக உருவாக்கப்பட்ட இருவேறு வடிவங்கள் ஆகும். மோனோ என்பது ஒற்றை வழி ஒலி. ஸ்டீரியோ என்பது இடம், வலம் என இரு வழிகளில் பிரிந்து வரும் ஒலி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இத்துடன் நிற்பதில்லை. பல பாடல்களில் வேகம், நீளம், குரல் ஆகியவை மாறுகின்றன. சிலவற்றில் ஒன்றில் உள்ள இசைக்கருவி மற்றொன்றில் இல்லை. ஆகவே ஒரு பாடலைப் பற்றிப் பேசும் இருவர், தம்மை அறியாமலே இருவேறு பதிவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடும். அறுபதுகளின் இசைத்தட்டுகளைச் சேகரிப்போரிடையே பல பத்தாண்டுகளாக நடந்துவரும் விவாதங்களுக்கு இதுவே அடிப்படை.

கலவை என்பது என்ன

ஒலிப்பதிவகத்தில் பாடகர்களின் குரலும் இசைக்கருவிகளும் ஒலிநாடாவின் வெவ்வேறு தடங்களில் பதிவாகின்றன. பின்னர் அத்தடங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் ஒலியளவையும் தன்மையையும் சரிசெய்து, இறுதி நாடாவில் ஒன்றுசேர்ப்பதே கலவை எனப்படும். இசைத்தட்டில் மக்கள் கேட்பது இந்தக் கலவையையே.

லண்டன் அபே சாலையில் அமைந்த இ.எம்.ஐ. ஒலிப்பதிவகத்தில் தொடக்கத்தில் பீட்டில்ஸ் குழுவுக்குக் கிடைத்தவை இரண்டு தடங்கள் மட்டுமே. 1963 அக்டோபரில் நான்கு தடப் பொறி பயன்பாட்டுக்கு வந்தது. "ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்" அதில் பதிவான முதற் பாடல்களுள் ஒன்று. எட்டுத் தடங்கள் 1968-இல்தான் கிடைத்தன. நான்கு தடங்களும் நிரம்பிவிட்டால், அவற்றை வேறொரு நாடாவின் ஒன்றிரண்டு தடங்களில் சுருக்கிப் பதிந்து, மீதியில் புதியவற்றைச் சேர்ப்பர். அவ்வாறு சுருக்கியதை மீண்டும் பிரிக்க அக்காலத்தில் வழியில்லை.

அன்றைய கலவை மேசையில் நினைவகம் கிடையாது என்பதை இங்கு கவனிக்க வேண்டும். இன்று ஒரு கணினியில் கலவையைச் சேமித்து, அடுத்த நாள் திறந்து, ஒரேயொரு எண்ணை மட்டும் மாற்றலாம். அன்று பொறியாளர் பாடல் ஓடும்போதே கைகளால் ஒலியளவை ஏற்றியிறக்கினார். ஒருமுறை செய்ததை மறுமுறை அப்படியே செய்ய இயலாது. அவ்வகையில் ஒவ்வொரு கலவையும் ஒரு தனி நிகழ்த்துதலே.

மோனோவுக்கு இருந்த முதன்மை

1960களின் முற்பகுதியில் பிரித்தானிய இளைஞர்களிடம் இருந்தவை பெரும்பாலும் ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட சிறிய இசைத்தட்டுப் பெட்டிகள். வானொலியும் மோனோவாகவே ஒலித்தது. ஸ்டீரியோ கருவிகளின் விலை அதிகம். அவற்றை வாங்கியோரில் பலர் செவ்வியல் இசை கேட்போர். எனவே பாப் இசை வணிகத்துக்கு மோனோதான் உண்மையான இசைத்தட்டு. பிரித்தானியாவில் பீட்டில்ஸ் குழுவின் தனிப்பாடல் தட்டுகள் 1969 ஏப்ரலில் வந்த "கெட் பேக்" வரை மோனோவிலேயே வெளியாயின. அவ்வாண்டு மே மாதம் வெளியான "த பாலட் ஆஃப் ஜான் அண்ட் யோகோ" அங்கு அவர்களின் முதல் ஸ்டீரியோ தனித்தட்டு.

இதன் விளைவு பணிமுறையிலும் தெரிந்தது. மோனோ கலவையில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதிக நேரம் செலவிட்டார். நாளடைவில் குழுவினரும் உடனிருந்து கருத்துரைத்தனர். ஸ்டீரியோ கலவையோ பின்னொரு நாளில், பெரும்பாலும் குழுவினர் இல்லாமலேயே, விரைந்து முடிக்கப்பட்டது. 1967-இல் வெளியான "சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்" தொகுப்பு கூட இம்முறையிலேயே உருவானது. இன்று உலகெங்கும் பெரும்பாலோர் அறிந்திருப்பது அதன் ஸ்டீரியோ வடிவத்தை; அதை உருவாக்கியவர்கள் கவனம் செலுத்தியது மோனோ வடிவத்தில்.

முதல் இரு தொகுப்புகளின் ஸ்டீரியோ பதிப்பில் குரல்கள் வலப்புறமும் இசைக்கருவிகள் இடப்புறமும் முற்றிலும் பிரிந்து கேட்பதன் காரணமும் இதுவே. குரலையும் இசையையும் இரு தடங்களில் பிரித்துப் பதிந்தது, மோனோ கலவையில் அவற்றின் அளவைச் சமன்செய்ய வசதியாக. அதை அப்படியே இருபுறமும் கேட்பதற்கென்று எவரும் திட்டமிடவில்லை. காதுகளில் பொருத்தும் ஒலிபெருக்கியில் இவற்றைக் கேட்போர் முதலில் தம் கருவி பழுதோ என ஐயுறுவதுண்டு.

வேறுபாடுகள் தோன்றிய விதம்

சில வேறுபாடுகள் வேகத்தால் எழுந்தவை. கலவையின்போது நாடாவின் வேகத்தைச் சற்றே கூட்டினால் பாடல் விரைவதுடன் சுருதியும் உயரும். "ஷீ இஸ் லீவிங் ஹோம்" பாடலின் மோனோ வடிவம் ஸ்டீரியோவை விட ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்தது. ஸ்டீரியோ செய்தபோது அந்த வேக மாற்றம் இடம்பெறவில்லை. சோகப்பாடல் ஒன்று இதனால் மேலும் மந்தமாகிவிட்டது என்பது பலரின் குறை. "டோன்ட் பாஸ் மீ பை" பாடலிலும் மோனோவே விரைவானது.

வேறு சில, கலவையின்போதே சேர்க்கப்பட்ட ஒலி விளைவுகளால் எழுந்தவை. 1966-இல் இ.எம்.ஐ. பொறியாளர் கென் டவுன்சென்ட் செயற்கை இரட்டைக்குரல் முறையைக் கண்டறிந்தார். பதிவான குரலை இரண்டாவது நாடாப் பொறிக்கு அனுப்பி, அதன் வேகத்தை மிகச் சிறிதளவு மாற்றியபடி திரும்பப் பெற்றுச் சேர்த்தால், ஒருவரே இருமுறை பாடியது போலக் கேட்கும். இது மூல நாடாவில் பதிவாவதில்லை. கலக்கும் கணத்தில் உருவாவது. எனவே ஒவ்வொரு கலவையிலும் அதன் அளவு மாறும். "லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்" பாடலின் மோனோ வடிவில் குரல் நீரலை போல் அசைவது இதனால்தான். ஸ்டீரியோவில் அந்த அசைவு மிகக் குறைவு.

இவ்வகையில் மிகவும் விந்தையானது "ஐ ஆம் த வால்ரஸ்". 1967 செப்டம்பர் 29 அன்று இதன் மோனோ கலவை நடந்தபோது, வானொலிப் பெட்டி ஒன்றின் ஒலி நேரடியாகக் கலவை மேசைக்குள் செலுத்தப்பட்டது. அந்நேரம் பிபிசியில் ஷேக்ஸ்பியரின் "லியர் மன்னன்" நாடகம் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. பாடலின் இறுதியில் கேட்கும் உரையாடல்கள் அந்நாடகத்தினுடையவை. அவை மூல நாடாவில் இல்லை. மோனோ கலவையில் மட்டுமே உள்ளன. பின்னர் ஸ்டீரியோ செய்தபோது வானொலியை மீண்டும் வரவழைக்க முடியாதல்லவா? ஆகவே பாடலின் முற்பகுதியை உண்மையான ஸ்டீரியோவாகக் கலந்து, பிற்பகுதிக்கு மோனோ கலவையையே எடுத்து, போலி ஸ்டீரியோவாக மாற்றி ஒட்டினர். பாடலின் நடுவே ஒலிவெளி திடீரென மாறுவதை எவரும் உணரலாம்.

பாடகரின் பிழைகளும் இக்கலவைகளில் தங்கியுள்ளன. "பிளீஸ் பிளீஸ் மீ" பாடலின் ஸ்டீரியோ வடிவம் வேறு பதிவுத்துண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டதால், கடைசிச் சரணத்தில் ஜான் லெனன் சொற்களைத் தவறவிட்டு, அடுத்த வரியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவது அதில் கேட்கிறது. மோனோவில் இது இல்லை. "ஹெல்ப்!" பாடலின் மோனோவிலும் ஸ்டீரியோவிலும் லெனனின் முதன்மைக் குரலே வெவ்வேறு பதிவு. "ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்" ஸ்டீரியோவில் நான்கரை நிமிடம் ஓடி, அடங்கி, மீண்டும் எழுந்து, விரல் கொப்புளித்துவிட்டதாக ரிங்கோ ஸ்டார் கத்துவதுடன் முடிகிறது. மோனோவில் பாடல் சுமார் ஒரு நிமிடம் முன்னதாகவே அடங்கிவிடுகிறது. அந்தப் புகழ்பெற்ற கத்தல் அதில் கிடையாது. "புளூ ஜே வே" பாடலில் பின்னோக்கி ஓடும் குரல்கள் ஸ்டீரியோவில் மட்டுமே உள்ளன.

சேகரிப்போர் அதிகம் தேடும் தட்டு 1966-இல் வெளியான "ரிவால்வர்" தொகுப்பின் முதல் மோனோ அச்சாகும். "டுமாரோ நெவர் நோஸ்" பாடலுக்குப் பதினொன்றாம் கலவையைத் தேர்ந்திருந்த மார்ட்டின், அச்சிடத் தொடங்கிய பின் மனம் மாறி எட்டாம் கலவையைப் போடச் சொன்னார். அதற்குள் அச்சான தட்டுகள் கடைகளுக்குச் சென்றுவிட்டன. தட்டின் உள்விளிம்பில் பொறித்த எண்ணின் இறுதியைக் கொண்டு இவற்றை அடையாளம் காண்பர். அதேபோல் 1967-இல் அமெரிக்க வானொலி நிலையங்களுக்கு முன்கூட்டி அனுப்பப்பட்ட "பென்னி லேன்" தட்டுகளில், பாடலின் முடிவில் ஒரு சிறு எக்காள இசை உண்டு. விற்பனைக்கு வந்த தட்டில் அது நீக்கப்பட்டிருந்தது.

அமெரிக்கப் பதிப்புகள்

அமெரிக்காவில் கேப்பிடல் நிறுவனம் பிரித்தானியத் தொகுப்புகளை அப்படியே வெளியிடவில்லை. பாடல்களைக் குறைத்தும் வரிசையை மாற்றியும், 1967 வரை தனக்கெனத் தொகுப்புகளை அமைத்தது. சில பாடல்களுக்கு மேலதிக எதிரொலி சேர்த்தது. ஸ்டீரியோ கலவை கைவசம் இல்லாதபோது, மோனோவை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் தாழ்ந்த ஒலிகளையும் மறுபுறம் உயர்ந்த ஒலிகளையும் மிகுவித்து, சிறு கால இடைவெளியும் கொடுத்து, "டூயோஃபோனிக்" என்ற பெயரில் விற்றது. 1964-இன் "பீட்டில்ஸ் '65" தொகுப்பில் உள்ள "ஐ ஃபீல் ஃபைன்" இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பொறியியல் நோக்கில் இது தரக்குறைவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த எதிரொலியுடன் வளர்ந்த அமெரிக்க ரசிகர்கள் பலருக்கு அதுவே இயல்பான வடிவம். பிரித்தானியக் கலவை அவர்களுக்கு வறண்டதாகத் தோன்றுகிறது. அவர்களின் விருப்பத்தை மதித்தே 2004-இல் கேப்பிடல் தொகுப்புகள் குறுந்தகட்டுப் பெட்டியாக வந்தன எனலாம்.

பிறர் பாடல்களைப் பாடுதல்

பீட்டில்ஸ் குழுவின் முதல் தொகுப்பில் 14 பாடல்களில் 6 பிறருடையவை. இத்தகைய மறுபதிவுகள் ஆங்கிலத்தில் கவர் எனப்படும். "ட்விஸ்ட் அண்ட் ஷவுட்" பாடலை 1961-இல் டாப் நோட்ஸ் குழுவினரும், 1962-இல் ஐஸ்லி சகோதரர்களும் பதிவு செய்தனர். பீட்டில்ஸ் அதை 1963 பிப்ரவரி 11 அன்று, நாள் முழுதும் பாடி முடித்த களைப்பில், இறுதியாகப் பதிந்தனர். இவை மேடையில் பாடிப் பழகியவை. ஒரே அறையில் ஒன்றாக நின்று பாடியவை. கலவையில் மாற்றுவதற்கு இவற்றில் அதிகம் இல்லை.

மறுதிசையிலும் இது நடந்தது. "ஓப்-லா-டி, ஓப்-லா-டா" பிரித்தானியாவில் தனித்தட்டாக வராததால், மார்மலேட் குழுவின் மறுபதிவு 1969 ஜனவரியில் அங்கு முதலிடம் பெற்றது. ஜோ காக்கர் 1968-இல் பாடிய "வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்" தாளக்கட்டையே மாற்றியமைத்தது.

எது மூலம் என்னும் விவாதம்

மோனோவே மூலம் என்போரின் வாதம் எளியது: கலைஞர்கள் கேட்டு ஒப்பியது அதைத்தான். "சார்ஜண்ட் பெப்பர்ஸ்" வரையிலான தொகுப்புகளுக்கு இது வலுவான வாதம். ஆனால் இதை எல்லாவற்றுக்கும் பொருத்த இயலாது. 1968 நவம்பரில் வந்த "த பீட்டில்ஸ்" தொகுப்பே தனி மோனோ கலவை பெற்ற கடைசித் தொகுப்பு; அமெரிக்காவில் அதுகூட ஸ்டீரியோவில் மட்டுமே வெளிவந்தது. 1969-இன் "அபே ரோட்" தொகுப்புக்கு மோனோ கலவையே செய்யப்படவில்லை.

ஸ்டீரியோவின் இரு வழிகளையும் கூட்டினால் மோனோ கிடைத்துவிடும் என்ற எண்ணமும் பிழையானது. 1969-இல் பிரித்தானியாவில் வெளியான "யெல்லோ சப்மரின்" மோனோ தட்டு அவ்வாறு செய்யப்பட்டதே. இருபுறமும் சமமாக உள்ள ஒலிகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால், ஒருபுறம் மட்டும் உள்ளவற்றை விட அவை சுமார் 3 டெசிபல் உயர்ந்துவிடும். நடுவில் நின்ற குரல் முன்னே வரும். ஓரத்தில் இருந்த கிட்டார் பின்தங்கும். கலவையாளரின் சமநிலை இதில் எஞ்சாது.

1987-இல் குறுந்தகடுகள் வெளிவந்தபோது முதல் நான்கு தொகுப்புகள் மோனோவிலும், மற்றவை ஸ்டீரியோவிலும் தரப்பட்டன. "ஹெல்ப்!", "ரப்பர் சோல்" ஆகிய இரண்டையும் மார்ட்டின் புதிதாகக் கலந்தார். இதனால் "ரிவால்வர்", "சார்ஜண்ட் பெப்பர்ஸ்" ஆகியவற்றின் மோனோ வடிவங்கள் 2009 செப்டம்பர் 9 அன்று மோனோ பெட்டி வெளியாகும் வரை குறுந்தகட்டில் கிடைக்கவில்லை. ஒரு தலைமுறை முழுவதும், எந்த வடிவம் கவனமாகச் செய்யப்பட்டதோ அதைக் கேட்காமலே அத்தொகுப்புகளை மதிப்பிட்டது. இது வரலாற்று நோக்கில் சிறிய இழப்பன்று. 1965-இன் அசல் ஸ்டீரியோ கலவைகளும் அந்த மோனோ பெட்டியிலேயே, மேற்கூறிய இரு தொகுப்புகளுடன் சேர்த்துத் தரப்பட்டன.

2017-இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் "சார்ஜண்ட் பெப்பர்ஸ்" தொகுப்பை மீண்டும் கலந்தபோது மோனோவையே வழிகாட்டியாகக் கொண்டார். "ஷீ இஸ் லீவிங் ஹோம்" அதில் மோனோவின் வேகத்தைப் பெற்றது. 2022-இன் "ரிவால்வர்" கலவைக்கு, ஒரே தடத்தில் கலந்துபோன கருவிகளை இயந்திரக் கற்றல் மூலம் பிரிக்கும் முறை பயன்பட்டது. இது பழையதை மீட்பதா, புதியதைப் படைப்பதா என்பதில் ரசிகர்கள் உடன்படவில்லை.

இம்முறையின் பயன் மிகத் தெளிவாகத் தெரிவது "ஷீ லவ்ஸ் யூ" பாடலில். 1963-இல் பதிவான அதன் இருதட மூல நாடா இன்று இல்லை. எஞ்சியிருப்பது மோனோ கலவை மட்டுமே. எனவே 60 ஆண்டுகள் அதற்கு உண்மையான ஸ்டீரியோ வடிவம் இருக்கவில்லை. 2023 நவம்பரில் வெளியான "1962–1966" தொகுப்பின் புதிய பதிப்புக்காக, அந்த மோனோ நாடாவிலிருந்தே குரல்களும் கருவிகளும் பிரித்தெடுக்கப்பட்டு ஸ்டீரியோவாகக் கலக்கப்பட்டன.