ஓலை, சிரட்டை, பழஞ்சேலை: கையிலிருப்பதைக் கொண்டு வீட்டை அழகாக்குவது எப்படி?

வன்னியில் மீள்குடியேறிய குடும்பங்களின் வீடுகள் பலவற்றை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, பகுதி பகுதியாகக் கிடைத்தது. அந்தக் காசோடு கடனையும் சேர்த்துத்தான் எங்களிற் பலர் சுவரை எழுப்பி ஓடு போட்டோம். உட்சுவர் பூசவும் யன்னலுக்குக் கதவு போடவும் பலருக்குக் கைக்கெட்டவில்லை. கிளிநொச்சியில் என்னுடைய வீடும் அப்படித்தான் பல வருடம் நின்றது.

தறப்பாள் கொட்டிலிலும் செட்டிகுளம் முகாம்களிலும் இருந்து வந்தவர்களுக்கு வீட்டு அலங்காரம் என்ற சொல்லே கொஞ்சம் கூச்சம் தரும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வீட்டில் தங்கப் போகிறோம், இனி எழுந்து ஓடப் போவதில்லை என்று நம்பத் தொடங்குபவர்தான் சுவரில் எதையாவது மாட்டுகிறார். அதனால் இது சின்ன விசயமில்லை.

நானும் அயலில் உள்ள பெண்களும் செய்து பார்த்து, நின்று பிடித்தவற்றை மட்டும் இங்கே தருகிறேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு கடை விலைகள் ஒரு நிலையில் இல்லை. அதனால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதைக் கடையில் வாங்க வேண்டும், எது வீட்டிலேயே உண்டு என்பதைச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஓலையைப் பதப்படுத்தல்

ஓலைதான் எங்கள் பக்கத்தில் மலிவான பொருள். ஆனால் பதப்படுத்தாத ஓலையில் செய்தது ஒரு மாரிக்கே பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். ஆகவே இந்தப் பகுதியை அவசரப்படாமல் செய்யுங்கள்.

எந்த ஓலை: நுட்பமான வேலைக்கு விரியாத குருத்தோலை. பெட்டி, தடுக்கு போன்ற வேலைக்குக் குருத்துக்கு அடுத்து விரிந்த சார்வோலை போதும். காய்ந்து விழும் காவோலை வேலிக்கும் அடுப்புக்கும்தான்; வளைத்தால் முறியும்.

எவ்வளவு வெட்டலாம்: கைக்கெட்டும் வடலியில்தான் எல்லோரும் வெட்டுவார்கள். ஒரு வடலியில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். அது அடுத்த குருத்தை விட்டு விரித்த பிறகுதான் திரும்பவும் கத்தி வைக்கலாம். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்குத் தறித்ததும் செல்லடியில் தலை போனதுமாக எங்கள் பனைகள் கண்டபடி அழிந்தன. நட்ட பனங்கொட்டை பயன் தரும் மரமாவதற்கு பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் செல்லும் என்பதை மறக்கக்கூடாது.

எப்படிக் காயவைப்பது: குருத்தைப் பிரித்து, பகலில் வெயிலிலும் இரவில் பனியிலும் இரண்டு மூன்று நாள் போடுங்கள். வெயில் ஈரத்தை எடுக்கும், பனி ஓலையை வெளிற வைத்து வளைவு கொடுக்கும். மழை பிடிக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஐப்பசிக்கு முன்னரே ஒரு மாரிக்குத் தேவையான ஓலையைக் காயவைத்துச் சுருட்டி, குசினியில் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவது எங்கள் பெரியவர்களின் வழக்கம்.

வார்தல்: ஈர்க்கை நீக்கிவிட்டு, சத்தகத்தால் ஓலையை ஒரே அகலமாக வார வேண்டும். சத்தகம் இல்லாவிட்டால் சிறிய கூர்க்கத்தி போதும். பழகும்வரை அரை அங்குல அகலத்தில் வாருங்கள். நீக்கிய ஈர்க்கை எறியாமல் ஒரு கட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாயம்: கடையில் வாங்க வேண்டியது இது ஒன்றுதான். ஓலைக்கென்று விற்கும் சாயத்தைக் கொதிநீரில் கரைத்து, ஓலையை அமிழ்த்தி, நிறம் ஏறும்வரை அடுப்பில் வைத்து எடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் இனிச் சமைக்கக்கூடாது. பழைய ரின் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். மஞ்சள் அவித்த நீரும் நிறம் தரும், ஆனால் வெயில் படும் இடத்தில் விரைவில் மங்கும்.

1. ஓலைப் படச்சட்டம்

தேவை: காட்போட் மட்டை, அரை அங்குல அகலமும் இரண்டடி நீளமுமான ஓலை வார் 15, பசை, நூல், ஊசி, ஒளி தெரியும் பிளாஸ்ரிக் தாள் (சேட்டுப் பெட்டி மூடியில் வருவது போதும்), போத்தல் மூடி நான்கு. நேரம்: ஒரு பின்னேரம்.

4க்கு 6 அங்குலப் படத்துக்கான அளவு இது:

- பின்மட்டை ஒன்று: 8க்கு 10 அங்குலம்.
- நீளத் துண்டு இரண்டு: 10 அங்குல நீளம், 2¼ அங்குல அகலம்.
- குறுந்துண்டு இரண்டு: 3½ அங்குல நீளம், 2¼ அங்குல அகலம்.

நான்கு துண்டுகளையும் தனித்தனியே ஓலையால் இறுக்கிச் சுற்றுங்கள். வாரை முதலில் ஈரத்துணியால் துடைத்தால் வெடிக்காது. ஒவ்வொரு வாரின் நுனியையும் பின்பக்கத்தில் பசை வைத்து முடியுங்கள். மூன்று சுற்றுக்கு ஒரு சுற்று சாய ஓலை வைத்தால் கரை போட்டதுபோல் அழகாக வரும்.

நீளத் துண்டுகளைப் பின்மட்டையின் இரு பக்கமும், ஒரு குறுந்துண்டை அடியிலும் வைத்து ஒட்டுங்கள். வெளிவிளிம்பில் ஒரு அங்குல அகலத்துக்கு மட்டும் பசை பூசினால் போதும். உள்விளிம்பு படத்தைப் பிடிப்பதற்காக விலகி நிற்க வேண்டும். மேற்குறுந்துண்டை மட்டையில் ஒட்டாமல் இரு பக்கத் துண்டுகளோடு நூலால் தையுங்கள். அந்த இடைவெளியால் படத்தையும் அதன் மேல் பிளாஸ்ரிக் தாளையும் இறக்கலாம். பின்பக்க நான்கு மூலையிலும் போத்தல் மூடியை ஒட்டிவிட்டால் சட்டம் சுவரை விட்டு விலகி நிற்கும், மாரியில் சுவரின் ஈரம் படத்துக்கு ஏறாது.

இனி படத்தைப் பற்றி. எங்களில் பலரிடம் மிஞ்சியது ஒரேயொரு படம். அடையாள அட்டைப் படமோ, பாடசாலைக் குழுப்படத்தில் ஒரு முகமோ, இடப்பெயர்வில் உடுப்போடு உடுப்பாகச் சுற்றிக் கொண்டுவந்த கலியாணப் படமோ. அந்த மூலப்படத்தை ஒருபோதும் சட்டத்தில் போடாதீர்கள். கைத்தொலைபேசியில் பகல் வெளிச்சத்தில் நேராகப் பிடித்து, வெளியூரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஸ்ரூடியோவில் பிரதி எடுத்துப் பிரதியைத்தான் சட்டத்தில் போட வேண்டும். மூலப்படத்தை உலர்ந்த வெள்ளைத் தாளில் மடித்து, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பையில் வையுங்கள். ஈரத்தில் இரு படங்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்க வேண்டாம்; அப்படியே படக்கடைக்குக் கொண்டுபோங்கள்.

நான் அயலில் உள்ள ஓர் அம்மாவுக்கு இந்தச் சட்டத்தைச் செய்து கொடுத்தேன். படத்திலிருப்பது அவருடைய மகன். 2009 வைகாசிக்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. அழகாக இருக்கட்டும் என்று சட்டத்தின் மேலே சிவப்பு ஓலைப் பூக்களை வளைவாகத் தைத்திருந்தேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மாலை போட்ட மாதிரியெல்லோ கிடக்கு. அவனுக்கு மாலை வேண்டாம்." அந்த இடத்திலேயே ஊசியால் பூக்களைப் பிரித்தெடுத்தேன்.

அன்றிலிருந்து யாருக்குச் சட்டம் செய்தாலும் முதலில் கேட்டுக்கொள்வேன். கிளிநொச்சியில் 2017 மாசி 20இல் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளின் போராட்டத்தில் அம்மாமார் ஏந்தி நிற்கும் படங்களைப் பாருங்கள். அவை நினைவுப் படங்கள் அல்ல, கேள்விகள். அப்படியான படத்துக்குக் கறுப்புக் கரையும் மேல் வளைவுப் பூவும் வேண்டாம். சாமித்தட்டில் இறந்தவர்களோடு வைக்காமல், வீட்டிலிருப்பவர்களின் படங்களோடு மாட்டலாம். அந்த அம்மாவின் வீட்டில் அது பேத்தியின் பாடசாலைப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

2. பழஞ்சேலை யன்னல் திரை

தேவை: சேலை ஒன்று, நூல், தடி.

ஒரு சேலை ஏறத்தாழ 18 அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். அதை நாலரை அடித் துண்டுகளாக வெட்டினால் நான்கு திரை வரும். நாலடி உயர யன்னல் இரண்டுக்குப் போதும். மேல்பக்கம் இரண்டு அங்குலம் மடித்துத் தைத்தால் தடி நுழையும். மூங்கிலோ நேரான பூவரசங் கம்போ இருந்தால் கடையில் குழாய் வாங்கத் தேவையில்லை. நைந்த இடத்தை வெட்டி எறியாமல், சேலைக் கரையையே பட்டியாக வைத்துத் தைத்தால் உறுதியாகவும் இருக்கும்.

ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். தனித்திருக்கும் பெண்களின் வீட்டுக்குத் திரை மறைப்பு மட்டுமே, காப்பு அல்ல. யன்னலுக்குக் கதவு போடக் காசு சேர்க்கிறீர்கள் என்றால் முதலில் படுக்கும் அறை யன்னலுக்குப் போடுங்கள். திரை விளக்குக்கும் நுளம்புத்திரிக்கும் எட்ட இருக்க வேண்டும்.

3. பழைய சுளகு, கடகத்துக்குப் புதுமேனி

தேவை: பழைய பத்திரிகை ஆறு தாள், வெந்தயம் இரண்டு மேசைக்கரண்டி, ஓட்டை விழுந்த சுளகு அல்லது கடகம்.

பத்திரிகையைக் கிழித்து ஓரிரவு ஊறவிடுங்கள். வெந்தயத்தையும் தனியே ஊறவிட்டு, காலையில் இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டும். வெந்தயத்தின் வழுவழுப்புத்தான் பசை. அதன் கசப்புக்குப் பூச்சி கிட்ட வருவதும் குறைவு. அந்தக் கூழைச் சுளகின் மேல் மெல்லிய படையாகத் தடவி வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த பின் அடிப்பக்கமும் தடவுங்கள். ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் வெடிக்கும்.

நன்றாகக் காய்ந்ததும் சுண்ணாம்போ மிச்சப் பெயின்ரோ பூசி, கோலமோ பனைமரமோ பிள்ளைகளை வரைய விடுங்கள். பூசாத சுவரின் பெரிய வெறுமையை ஒரு சுளகு மறைத்துவிடும். ஆணியைச் சீமெந்துக் கல்லில் அடிக்காமல் கல்லுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட பொருத்தில் அடித்தால் சுவர் உடையாது.

4. சிரட்டைத் தொங்கல்

தேவை: கண் இல்லாத பாதிச் சிரட்டைகள், தும்புக் கயிறு, தேங்காயெண்ணெய்.

சிரட்டையின் வெளித் தும்பைக் கத்தியால் சுரண்டி, உடைந்த கண்ணாடித் துண்டை தடித்த துணியால் பிடித்து வழித்தெடுங்கள். பிறகு எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் கறுத்து மினுங்கும். விளிம்பில் மூன்று துளை போட்டுக் கயிறு கட்டினால், ஊதுபத்தி வைக்கவோ சிறு செடி தொங்கவிடவோ உதவும். செடி வைப்பதானால் அடியிலும் கட்டாயம் துளை போடுங்கள். தண்ணீர் தேங்கிய சிரட்டை டெங்கு நுளம்பை வளர்க்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பதும் இதைத்தான்.

எதை எடுக்கக் கூடாது

அலங்காரப் பொருளுக்காக எந்த இரும்பையும் பற்றையிலிருந்தோ வயல் வரம்பிலிருந்தோ எடுக்காதீர்கள். செல் கோதைப் பூச்சாடியாக வைத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். வெற்றுக் கோது என்று நாம் நினைப்பது வெற்றாக இருக்க வேண்டும் என்றில்லை. இலங்கை 2017 மார்கழியில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது, கண்ணிவெடி அகற்றுவோர் வருடக்கணக்காக வேலை செய்திருக்கிறார்கள். என்றாலும் மண்ணைக் கிளறும்போது வெடிக்காத பொருட்கள் வெளிவருவது நின்றுவிடவில்லை. கிட்டப் போகாமல், தொடாமல், அந்த இடத்துக்கு ஓர் அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ 119 பொலிஸ் இலக்கத்துக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளைக் கைவேலைக்குப் பொருள் பொறுக்க அனுப்பும்போது சிரட்டை, விதை, இலை, ஓலை மட்டும் என்று திருத்தமாகச் சொல்லி அனுப்புங்கள்.

பராமரிப்பு

ஓலைப் பொருளுக்கு இரண்டு எதிரிகள்: ஈரமும் கறையானும். நிலத்தோடு எதையும் சாய்த்து வைக்காமல் சுவரில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை கழற்றி வெயிலில் காட்டி, சுவரில் கறையான் புற்றுக்கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சணம் கண்டால் உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் போட்டால் போதும். தண்ணீரில் கழுவ வேண்டாம்.

விற்க நினைப்பவர்களுக்கு

பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் யாழ்ப்பாணத்தில். ஓலை வேலைப் பயிற்சி பற்றி அங்கு, அல்லது உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். வியாபாரியிடம் பேசுமுன் ஒரு பொருளுக்கு எத்தனை மணித்தியாலம் சென்றது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஓலை சும்மா கிடைத்தது என்பதற்காக உங்கள் நேரமும் சும்மா என்று ஆகிவிடாது. அரைநாள் கூலிக்கும் குறைவாக விலை கேட்டால் கொடுக்காமல் வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் ஒரே கிழமையில் செய்ய வேண்டியதில்லை. ஒரு சுவர், ஒரு பொருள். என் வீட்டின் உட்சுவர் இன்னும் முழுதாகப் பூசி முடியவில்லை. ஆனால் வருகிறவர்களின் கண் இப்போது முதலில் போவது சுளகில் என் மகள் வரைந்த பனைமரத்துக்குத்தான்.